கிள்ளினால் வராத நூல்

போன மாதம் மருமகளோடு பதுளை பஜாருக்குப் போயிருந்தேன். தையல் சாமான் விற்கும் கடை ஒன்றில் சுவர் முழுக்கப் பூவேலை நூல் தொங்கியது. சிவப்பில் மட்டும் எத்தனை சிவப்பு! மருமகள் நாலைந்து கண்டுகளை உருவிப் பைக்குள் போட்டுவிட்டு, "வாங்க அத்தை, போகலாம்" என்றாள். எனக்குக் கால் நகரவில்லை. கடைப் பையன் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டான். நம் வயதில் எங்கே நின்றாலும் கால்வலி என்றுதான் நினைக்கிறார்கள்.

என் வயதுக்காரர்களே, உங்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. அரசாங்கம் இறக்குமதியை நிறுத்தி, கப்பலில் எதுவுமே வராத அந்தக் காலத்தை நீங்களும் கடந்து வந்தவர்கள்தானே. பாண் ரொட்டிக்கு வரிசை, துணிக்கு வரிசை. காலையில் அவித்த மரவள்ளிக்கிழங்கு, இரவில் அதே கிழங்கின் மிச்சம். அந்தக் காலத்தைப் பற்றி யாரைக் கேட்டாலும் பசியைத்தான் சொல்வார்கள். பசி எனக்கும் தெரியும். ஆனால் எங்கள் லயத்து வரிசையில், ஒற்றை அறைக் காம்பராவில் அந்த மழைக்காலம் முழுவதும் நூலைப் பற்றித்தான் பேச்சு.

ஹாலிஎலைக்கு மேலே இருந்தது எங்கள் தோட்டம். அம்மா கொழுந்து எடுப்பவள். தேயிலைத் தொழிற்சாலையை நாம் ஸ்டோர் என்றுதானே சொல்வோம், அங்கே மெசின்களுக்கு எண்ணெய் போடுகிற வேலை அப்பாவுக்கு. அக்கா ஐந்தாம் வகுப்போடு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தை முடித்து, பெரியமனுஷியும் ஆகி, வீட்டில் இருந்தாள். தீபாவளி கழிந்ததும் அவள் பெயரைத் தோட்டத்தில் பதிந்து, கொழுந்து எடுக்க மலைக்கு அனுப்புவதாக முடிவாகியிருந்தது. பெயர் பதிந்துவிட்டால் அன்றிலிருந்து விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் நின்று, கங்காணி காட்டுகிற மலைக்கு ஏற வேண்டும். தலை நரைக்கும்வரை அதுதான் வாழ்க்கை. எங்கள் லயத்தில் எல்லா வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கும் அப்படித்தான் நடந்தது. அதனால் யாரும் அதை ஒரு துயரமாகச் சொன்னதில்லை.

அம்மா அக்காவைச் சின்ன வயதிலிருந்தே அதற்குப் பழக்கியிருந்தாள். லயத்துக்குப் பின்னால் இருந்த செடிகளில் நிற்க வைத்து, இரண்டு இலையும் ஒரு மொட்டும் மட்டும் வருமாறு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து வெடுக்கென்று கிள்ளக் கற்றுக்கொடுத்தாள். அக்கா கை பறக்கும். அதைப் பார்த்து அம்மாவுக்குப் பெருமை. எங்கள் வீட்டில் பிள்ளைக்குக் கொடுக்க வேறென்ன இருந்தது?

அக்காவுக்கோ ஊசிவேலை என்றால் உயிர். பழைய சேலைக் கரையைப் பிரித்து நூலெடுத்து, தலையணை உறையில் கிளி போடுவாள். ஒருநாள் அம்மா பதுளைக்குத் துணி வாங்கப் போனபோது நாங்கள் இரண்டு பேரும் கூடப் போனோம். புடவைக்கடை முதலாளியம்மா கடைக்குள்ளேயே ஒரு மூலையில், முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, வளையத்தில் துணி மாட்டிப் பூவேலை செய்துகொண்டிருப்பார். ஊரில் எந்த முஸ்லிம் கல்யாணம் என்றாலும் மணப்பெண்ணின் சால்வை அவர் கையால்தான். அன்றைக்கு அவர் அக்காவின் சட்டைக் கழுத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"இது ஆர் போட்ட பூ?"

"நாந்தாம்மா."

"எங்கட கடையிலயே நூல் இல்ல. ஒனக்கு எங்கால புள்ள?"

பழைய சேலை விஷயத்தை அக்கா சொன்னாள். முதலாளியம்மா உள்ளே போய் ஒரு சாக்கைத் தூக்கி வந்தார். பட்டுப்பூச்சி வளர்க்கிற யாரோ சொந்தக்காரர் கொடுத்ததாம். உள்ளே பட்டுக்கூடுகள், எல்லாம் ஓட்டை. பூச்சி துளைத்து வெளியே போய்விட்டது. அந்தக் கூட்டில் ஒரே இழையாக நூல் உருவ முடியாது. பஞ்சு மாதிரி பிரித்து, கையால் நூற்றால்தான் உண்டு.

"இதுல நூல் நூத்துத் தா. ஊசிக்கண்ணுல போகணும், துணியில இழுத்தா பிசிர் நிக்கப்படாது. சாயம் நான் போட்டுக்கொள்றன். செஞ்சு காட்டினா எங்கட ஊட்டுலயே நின்டு வேல பழகு. சம்பளமும் தாறன்."

பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அம்மா, "அந்தம்மா நெசமாத்தான் சொல்லுதா?" என்று அக்காவிடம் கேட்டாள். கேட்டுவிட்டு, சாக்கை மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து கதையே மாறிப்போனது. நூல் வந்தால் அக்கா பதுளைக்கு, வராவிட்டால் மலைக்கு. நான் சின்னப் பிள்ளை, ஆனாலும் அது எனக்குத் தெளிவாக விளங்கியது.

கூட்டை மண்ணெண்ணெய்த் தகரத்தில் போட்டு, சாம்பல் தண்ணீரும் முதலாளியம்மா கொடுத்த சவர்க்காரத் துண்டும் சேர்த்து அவித்தோம். கருவாட்டையும் ஈரக் கம்பளியையும் ஒன்றாய் அவித்த நாற்றம். லயமே மூக்கைப் பிடித்தது. பக்கத்துக் காம்பரா அத்தை வாசலில் நின்று, "என்னா மதினி, புழுக் கொழம்பா? எங்களுக்கும் ஒரு கிண்ணம்" என்றாள். அம்மா சிரித்துக்கொண்டே விறகைத் தள்ளினாள். பிறகு மலையிலிருந்து குழாயில் விழும் பீலித் தண்ணீரில் அலசி அலசி, நிழலில் காயப் போட்டோம். பசை போன பிறகு அதைப் பார்க்க வேண்டுமே! அழுக்குக் கூடு அவ்வளவும் போய், பனி இறங்கின மாதிரி ஒரு வெள்ளை. நான் கன்னத்தில் வைத்து வைத்துப் பார்த்தேன். அக்கா என் கையில் அடித்தாள்.

இனி நூற்க என்ன கருவி என்பதுதான் கேள்வி. இங்கே அப்பா உள்ளே நுழைந்தார்.

ஸ்டோரில் வேலை செய்கிறவருக்கு உலகத்தில் எல்லாவற்றுக்கும் மருந்து சக்கரமும் பட்டியும்தான். "கையால செஞ்சா எந்தக் காலத்துல முடியும்? மெசின் வேணும்" என்றார். ஸ்டோர் ஆசாரியைப் பிடித்து, துருப்பிடித்த பைசிக்கிள் சக்கரம் ஒன்றையும் தேயிலைப் பெட்டிப் பலகையையும் வைத்து ஒரு ராட்டை செய்து கொண்டுவந்தார். நூல் சுற்றும் கதிருக்குக் குடைக்கம்பி. ஆளுயரம் இல்லாவிட்டாலும் எங்கள் காம்பராவில் பாதியை அடைத்துக்கொண்டது. ராத்திரி பாய் விரிக்க, அதைத் தூக்கி வெளியே வைக்க வேண்டும். லயத்தில் உள்ள பிள்ளைகள் எல்லாம் சுற்றிப் பார்க்க வந்தார்கள். அப்பா ஒரு துரையைப் போல் நின்று விளக்கம் சொன்னார்.

அக்கா பஞ்சைக் கையில் பிடித்து, சக்கரத்தைச் சுற்றினாள். பட்டென்று அறுந்தது. மறுபடி பிடித்தாள், மறுபடி அறுந்தது. பலகையில் இருந்த சிலாம்பு பட்டு இழையைப் பிடித்து இழுப்பதாக அப்பா கண்டுபிடித்தார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார், மெழுகுவர்த்தியைத் தடவினார். அப்புறம் பட்டி இறுக்கமாம், அதைத் தளர்த்தினார். அப்புறம் குடைக்கம்பி வளைவாம். ஒவ்வொரு நாளும் வேலை விட்டு வந்ததும் மெசினுக்கு ஒரு குறை கண்டுபிடித்துத் திருத்துவார். நூல் மட்டும் வரவில்லை. தரை முழுக்க வெள்ளைத் துணுக்குகள் கிடந்தன.

பள்ளிக்கூடத்து மாஸ்டரிடம் நான் போய் அழாத குறையாகச் சொன்னேன். அவர் அலுமாரியின் அடியிலிருந்து ஒரு தக்ளியை எடுத்துத் தந்தார். ஒரு காலத்தில் பிள்ளைகளுக்குப் பருத்தி நூற்கக் கற்றுக்கொடுக்க இந்தியாவிலிருந்து வந்ததாம். மெல்லிய இரும்புக் கம்பி, அடியில் பித்தளை வட்டம், நுனியில் ஒரு கொக்கி. அவ்வளவுதான். அதைப் பார்த்து அப்பாவுக்கு முகம் போன போக்கைச் சொல்ல வேண்டும். "பம்பரம் வெளையாடவா கொண்டாந்த?" என்று கேட்டுவிட்டு, தேநீரைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

தக்ளியிலும் நூல் நிற்கவில்லை. சுற்றித் தொங்கவிட்டால் பித்தளையின் கனம் இழையை அறுத்துவிடும். தக்ளி தரையில் விழுந்து சாணித்தரையில் குழி பறிக்கும். மாதம் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே மலை தெரியாத மழை. அக்கா ஒருநாள் தக்ளியை வீசி எறிந்துவிட்டு, "எனக்கு மலையே போதும். பேரப் பதிஞ்சிருங்க" என்றாள். பிறகு அடுப்படியில் போய்க் குந்தி அழுதாள்.

அம்மா அப்போதுதான் மலையிலிருந்து வந்திருந்தாள். தலைத்துணிகூட அவிழ்க்கவில்லை. தரையில் கிடந்த பஞ்சைப் பார்த்து, வீணாகிறதே என்று பொறுக்கக் குனிந்தாள்.

நீங்கள் எல்லோரும் உங்கள் அம்மாமாருடைய கைகளைப் பார்த்திருப்பீர்கள். கொழுந்துக் கறை ஏறிக் கறுத்து, மழையிலும் பனியிலும் வெடித்து, விரல் நுனியெல்லாம் அரம் மாதிரி இருக்கும். அந்தக் கையில் பட்டுப்பஞ்சு பட்டதும் அப்படியே ஒட்டிக்கொண்டது. அம்மா உதறினாள். போகவில்லை. மற்றக் கையால் எடுக்கப் பார்த்தாள், அந்தக் கையிலும் ஒட்டியது. எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கையைப் பஞ்சிலிருந்து மெதுவாக இழுத்தவள் நின்றுவிட்டாள்.

அவள் விரல் வெடிப்பில் மாட்டிய இழைகள், கை விலக விலக, கூடவே வந்துகொண்டிருந்தன. ஒரு சாண் போயும் அறவில்லை. இன்னும் இழுத்தாள். வந்துகொண்டே இருந்தது.

"ஏ ஆத்தா, இங்க வந்து பாரு" என்றாள். "ஒரு மயிரு இம்புட்டு நீளம் இருக்குடி."

அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"அந்தக் குச்சிய எடு. எடுத்து எப்புடி செய்யிறேன்னு காட்டு."

அக்கா தக்ளியைச் சுற்றிவிட்டுப் பஞ்சை இழுத்தாள். அறுந்தது. அம்மா அக்காவின் முகத்தையோ தக்ளியையோ பார்க்கவில்லை. விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ கிள்ளுறடி" என்றாள்.

"என்னம்மா?"

"கொழுந்து கிள்ளுற மாதிரி கிள்ளுற. ரெண்டு கையையும் கிட்டக் கிட்ட வச்சு, வெடுக்குன்னு இழுக்குற. இழை இம்புட்டு நீளம் இருக்கு, நீ இத்தினிக்காண்டு எடத்துல புடிச்சு இழுத்தா அறுகாம என்னா செய்யும்? கையத் தள்ளி வையி. கிள்ளாத. சும்மா வழுக்க விடு."

அக்காவுக்கு அது வரவில்லை. கை கேட்கவில்லை. தள்ளி வைத்த கை தானாகக் கிட்ட வரும், விரல் தானாகக் கிள்ளும். எத்தனை வருஷப் பழக்கம்! அம்மா எதிரே உட்கார்ந்து, கை கிட்ட வரும்போதெல்லாம் "தள்ளி", "தள்ளி" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் அப்போது அதை ஒரு விளையாட்டாகத்தான் பார்த்தேன். தான் ஊட்டிய பழக்கத்தைத் தன் வாயாலேயே ஒரு தாய் பிடுங்கி எடுத்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்கும் பிள்ளைகள் பிறந்த பிறகுதான் விளங்கியது.

தக்ளியின் கனத்துக்கு வழி கண்டது அக்காதான். தக்ளியைத் தொங்கவிடாமல், பிடி உடைந்த பீங்கான் கோப்பைக்குள் அதன் அடி நுனியை ஊன்றிச் சுற்றினாள். பித்தளையின் பாரத்தைக் கோப்பை தாங்கிக்கொண்டது, இழைக்குப் பாரமே இல்லை. பித்தளை கோப்பைக்குள் உராயும்போது கிர்ரென்று ஒரு சத்தம் வரும். அக்கா கையை விரித்து, பஞ்சு தானாக வழுக்கி வர, தலைமுடியை விட மெல்லிசாக நூல் இறங்கியது. அம்மாவும் அப்பாவும் நானும் சுற்றி நின்று பார்த்தோம்.

ஆனால் ஒற்றை நூல் ஊசி இழுப்புக்குத் தாங்காது. இரண்டு நூலைச் சேர்த்து எதிர்ப்பக்கமாக முறுக்க வேண்டும். அதைத் தக்ளியில் செய்தால் சிக்கலாகிறது. அப்பா கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்துகொண்டு நின்றார். பிறகு வெளியே மழைச்சாரலில் நின்ற ராட்டையைத் தூக்கி வந்து, துடைத்து, சக்கரத்தை மறுபக்கமாகச் சுற்றினார். இரண்டு நூலும் ஒழுங்காகப் பிணைந்து ஒன்றாகிக் கதிரில் ஏறின. "நான் அப்பவே சொன்னேன்ல, மெசின் மெசின்தான்!" என்று லயத்துக்கே கேட்கக் கத்தினார். நாங்கள் யாரும் மறுத்துப் பேசவில்லை. பாவம், அந்த மனுஷன் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. அன்றிலிருந்து நூற்பது தக்ளியில், முறுக்குவது ராட்டையில்.

அதன் பிறகு அம்மா ஒரு சட்டம் போட்டாள். அக்கா விறகு தொடக் கூடாது, பாத்திரம் விளக்கக் கூடாது, துணி துவைக்கக் கூடாது. கை கரடானால் நூல் பிசிரும். மலையிலிருந்து வந்து எல்லாவற்றையும் அம்மாவே செய்தாள். பக்கத்துக் காம்பரா அத்தை, "மகாராணிக்கு வெந்நி வச்சாச்சா?" என்று கேலி பண்ணினாள். அப்பாவுக்கே பொறுக்கவில்லை. "பொட்டப்புள்ளையக் குந்த வச்சுக் கெடுக்குற. நாளைக்கு மலைக்குப் போனா எப்புடி வேல செய்வா?" என்று சத்தம் போட்டார். அம்மா பானையைக் கவிழ்த்து வைத்தாள்.

ஆனால் ஒன்று. அதற்குப் பிறகு அம்மா பட்டைத் தொட்டதே இல்லை. நூல்கண்டு வைத்த தட்டு வழியில் கிடந்தால்கூட, "ஏ, அத எடுங்கடி" என்று தூரத்தில் நின்று சொல்வாள். அக்கா நூற்ற நூலை ஆசையாகக் காட்டினால், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எட்டிப் பார்ப்பாள். அம்மாவுக்கு அக்கா போவதில் மனசில்லை, அதுதான் முகம் கொடுக்க மாட்டேன் என்கிறாள் என்று நானும் அக்காவும் போர்வைக்குள் குசுகுசுத்தோம். அக்கா அதை நம்பி மனதுக்குள் வைத்துப் புழுங்கினாள். பிள்ளைகளாக இருக்கும்போது எவ்வளவு முட்டாள்களாக இருக்கிறோம்!

தீபாவளி கழிந்த ஞாயிற்றுக்கிழமை பதுளைக்குப் போனோம். நூலை ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி, அக்கா நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். அப்பாவுக்கு ஸ்டோரில் வேலை இருந்தது. வராமல் இருக்க அவர் கண்டுபிடித்த வேலையாகவும் இருக்கலாம்.

முதலாளியம்மா துணியை விரித்தார். கண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"தனியாவா செஞ்ச?"

"இல்லம்மா. கைய எப்புடி வக்கணும்னு எங்கம்மாதான் பாத்துச் சொன்னாங்க."

"அப்ப அம்மாவும் பூவேல செய்றவங்களா?" என்று அவர் அம்மாவைப் பார்த்தார்.

"நான் இதத் தொடுறதே இல்லைங்க" என்றாள் அம்மா. இரண்டு கையும் சேலைத் தலைப்புக்குள் இருந்தன. "என் கை ஆகாது. பட்டா பிச்சுப்புடும். கெடுத்துப்புடக் கூடாதுன்னு தூரமாவே இருந்தேன்."

அக்கா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு முதலாளியம்மாவின் கையிலிருந்து, இன்னும் ஊசியில் கோத்துக்கூடப் பார்க்காத அந்தக் கண்டை வாங்கி, அம்மாவின் கையைத் தலைப்புக்குள்ளிருந்து இழுத்து, உள்ளங்கையில் வைத்து மூடிவிட்டாள்.

"அடி அறிவு கெட்டவளே!" என்று அம்மா பதறினாள். கையை உருவினாள். உருவ உருவ நூல் மாட்டியது. மழைக்காலம் முழுக்கப் பாடுபட்டு வழவழப்பாக்கிய கண்டில் ஒரு பக்கம் முழுக்கப் பிசிர் எழுந்து நின்றது. அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. "மன்னிச்சுக்கங்கம்மா, சின்னப்புள்ள, புத்தியில்லாம..." என்று முதலாளியம்மாவிடம் கெஞ்சினாள். அக்கா மட்டும் அசையாமல் நின்றாள். போனால் போகிறது என்று நின்றாளா, பயத்தில் உறைந்து நின்றாளா, கேட்டால் இன்றைக்கும் சிரிக்கிறாளே தவிரச் சொல்வதில்லை.

முதலாளியம்மா எழுந்து வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். அம்மாவின் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, மாட்டிய இழைகளை ஒவ்வொன்றாக எடுத்தார். அவசரமே படவில்லை. எடுத்து முடித்துவிட்டு, பிசிர் விழுந்த பக்கத்தைக் கத்தரியால் நறுக்கினார். மிச்சத்தில் ஓர் இழையை ஊசியில் கோத்தார். வளையத்துத் துணியில் குத்தி இழுத்தார். நூல் சத்தமில்லாமல் போய், மறுபக்கம் வந்தது. இன்னொரு முறை குத்தினார். ஒரு இதழ் முடிந்தது.

"இண்டைக்கே விட்டுட்டுப் போறீங்களா?" என்று கேட்டார்.

மாற்றுத்துணிகூட இல்லாமல் அக்காவை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம்.

அடுத்து என்ன நடந்தது என்று கேட்பீர்கள். சில வருஷங்களில் கப்பல்கள் வந்தன, நூலும் பெட்டி பெட்டியாக வந்து இறங்கியது. பட்டு நூற்கிற வேலை நின்றது. அதற்குள் அக்கா பூவேலையும் தையலும் கற்று, பிறகு பண்டாரவளையில் சொந்தமாக மெசின் போட்டு உட்கார்ந்தாள். ராட்டை ஒரு மழைக்காலத்தில் அடுப்புக்குப் போனது. மாஸ்டரின் தக்ளியைத் திருப்பிக் கொடுத்தோமா என்பது யாருக்கும் ஞாபகமில்லை. அம்மா நரை விழும்வரை மலைக்குப் போனாள்.

எனக்கு மறக்காதது அந்தத் திங்கட்கிழமை காலைதான். அக்கா இல்லாத பாயில் தூங்க முடியாமல் நானும் எழுந்து அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு பெரட்டுக்களத்துக்குப் போனேன். மூடுபனி. பெண்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வரிசையாக நின்றார்கள். கங்காணி ஆள் பார்த்துக்கொண்டே வந்து அம்மாவிடம் நின்றார்.

"எங்க ஒன் பெரியவ? தீவாளி முடிஞ்சதும் பேர் பதியணும்னியே?"

"அவ வரலீங்க."

"ஏன், மேலுக்கு முடியலியா? சரி, நாளைக்கு இட்டுட்டு வா."

அம்மா கங்காணியிடம் தலைநிமிர்ந்து பேசி நான் பார்த்ததில்லை. யாருமே பார்த்ததில்லை. அன்றைக்கு நிமிர்ந்தாள்.

"நாளைக்கும் வரமாட்டா" என்றாள். வரிசையின் கடைசி ஆள்வரை கேட்டது. "எம் மக இந்த மலைக்கு எப்பவுமே வரமாட்டா."

யாரோ சிரித்தார்கள். பக்கத்துக் காம்பரா அத்தை சிரிக்கவில்லை. கங்காணி அடுத்த ஆளிடம் போனார். அம்மா கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு, "நீ பள்ளிக்கூடத்துக்குப் போ" என்று என்னைத் திருப்பி விட்டுவிட்டு, தனக்குக் காட்டிய தேயிலை நிரைக்கு ஏறிப் போனாள்.